எரியாத விளக்கும் ஓர் எச்சரிக்கையே

வாகனங்களின் பொறிநுட்பம் பற்றி எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகைமையும் இல்லை. பத்திரிகை அலுவலகங்களில் செய்தி திருத்துவதிலும் ஆசிரிய தலையங்கம் எழுதுவதிலுமே எனது காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. எனினும், கடந்த ஆண்டு ஒரு மழை இரவில், சிலாபம் வீதியில், ஒளியற்ற ஒரு சிறிய காருக்குள் நானும் மனைவியும் அகப்பட்டுக்கொண்ட அனுபவத்தின் பின்னர் இதனை எழுதாமல் இருப்பது முறையாகாது என்று தோன்றியது. குற்றம் காரினுடையதன்று, முழுவதும் என்னுடையது. ஆதலால் ஒளிவுமறைவின்றி எழுதலாம்.

என்னிடமுள்ளது 1970களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட ஒரு மினி கார். இலங்கை அரசாங்கம் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை இடைநிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவைத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓடுவதைத் தவிர எம்மில் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் நானும் சிறுசிறு வேலைகளைச் சொந்தமாகச் செய்யப் பழகிக்கொண்டேன். பிளக் மாற்றுவது, விசிறிப் பட்டியை இறுக்குவது, பியூஸ் மாற்றுவது என்று தொடங்கி, மின்வேலையிலும் கைவைக்கும் துணிவு வந்துவிட்டது.

அந்தத் துணிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, வானொலிக்குப் போடும் சிறிய பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுழற்றி, அதன் டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். பி.பி.சி. தமிழோசையின் இரவுச் செய்தியைக் குறிப்பெடுக்க நான் ஒரு கையால் எழுத, மருமகன் முறையான ஒரு சிறுவன் பெடலைச் சுழற்றுவான். அவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துபோகும். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அத்தகைய காலத்தைக் கடந்து வந்தவனுக்கு ஒரு மின்குமிழை மாற்றுவது ஒரு வேலையா என்ற எண்ணம் வருவது இயல்பே. அந்த எண்ணம்தான் என்னைக் கவிழ்த்தது.

வயதாகி விட்டதால் இரவில் காரின் வேகமானியும் எரிபொருள் மானியும் சரியாகத் தெரிவதில்லை. டாஷ் போர்டின் பின்னாலுள்ள பழைய மின்குமிழ்கள் மங்கியிருந்தன. பஞ்சிகாவத்தைக்குச் சென்று, பிரகாசமான எல்.ஈ.டி. குமிழ்கள் அரை டசின் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் எல்லாவற்றையும் மாற்றினேன். மானிகளுக்கு ஒளியூட்டும் குமிழ்களோடு, எச்சரிக்கை விளக்குகளின் குமிழ்களையும் மாற்றிவிட்டேன். அழகாக இருந்தது. மனைவியை அழைத்துக் காட்டினேன். "கலியாண வீடு மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் காலை காரைத் தொடக்கியபோது, பற்றரி மின்னேற்றத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு அணைய மறுத்தது. வழக்கமாகத் திறப்பைத் திருப்பியதும் அது எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். இப்போதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும் எரிந்தது. காலால் நன்றாக அழுத்தி எஞ்சினை முழங்கச் செய்தால் சில வேளை அணைந்தது. சில வேளை அணையவில்லை.

அருகிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்தவர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒல்ரனேற்றர் பழுதாகி விட்டது, மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை எனது ஓய்வூதியக் கணக்குக்குப் பொருந்துவதாக இல்லை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் நானே குமிழ்களை மாற்றிய விடயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. "தெரியாத வேலையில் ஏன் கை வைத்தீர்கள்" என்று கேட்டுவிடுவாரோ என்ற கூச்சம். அவரும் கேட்கவில்லை. சொல்லாதவன் நான், கேளாதவர் அவர். எங்கள் இருவருக்கும் இடையில் உண்மை மறைந்துகொண்டது.

வீட்டுக்கு வந்தபோது, தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலைபார்க்கும் எனது மருமகன் வந்திருந்தான். அவன் மிகச் சுலபமான ஒரு தீர்வைச் சொன்னான். "மாமா, கார் ஓடுதுதானே? அந்த பல்ப்பைக் கழட்டி விடுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது." அப்படியே செய்தேன். அன்றிலிருந்து டாஷ் போர்டில் சிவப்பு விளக்கு இல்லை. மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. கார் வழக்கம்போல் தொடங்கியது, வழக்கம்போல் ஓடியது. ஒரு குறையைத் தீர்த்துவிட்டோம் என்றே நம்பினேன்.

ஒக்ரோபர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை முன்னேஸ்வரம் ஆலயத்துக்குப் போனோம். வெள்ளவத்தையிலிருந்து போகும்போது பகல், விளக்குகள் தேவைப்படவில்லை. மாலைப் பூசை முடிந்து திரும்பும்போது இருட்டி, மழையும் பிடித்துக்கொண்டது. முன்விளக்குகள், மழைத் துடைப்பான், பின்விளக்குகள் எல்லாம் ஒன்றாக வேலைசெய்தன. வீதியில் நெரிசல், ஊர்ந்துதான் போக முடிந்தது. மாரவில தாண்டும்போது, "வெளிச்சம் குறைஞ்சு போச்சுது போலை இருக்கே" என்று மனைவி சொன்னார். கண்ணாடியில் மழை என்றேன். வென்னப்புவவைக் கடந்தபோது துடைப்பான்கள் நோயாளி நடப்பதுபோல் நகர்ந்தன. கொச்சிக்கடையை அடையுமுன், வீதி விளக்கில்லாத ஓர் இடத்தில், முன்விளக்குகள் மஞ்சளாகி, சிவப்பாகி, முற்றாக அணைந்தன. எஞ்சின் இரண்டு தடவை திணறிவிட்டு நின்றது.

அதன்பின் அரை நிமிடத்துக்குள் நடந்ததை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. கார் முற்றாக வீதி ஓரத்துக்கு வந்திருக்கவில்லை. பின்விளக்கும் இல்லை. பின்னால் வந்த ஒரு லொறியின் சாரதி கடைசிக் கணத்தில் எம்மைக் கண்டு வெட்டித் திருப்பினார். காரின் வலப்பக்கக் கண்ணாடி மாத்திரம் போயிற்று. ஓர் அடி இப்பால் வந்திருந்தால் இந்தப் பத்தியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, தமது கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் காட்டியபடி, என்னோடு சேர்ந்து காரை ஓரத்துக்குத் தள்ளினார். எமது மொழி அவருக்கும், அவரது மொழி என் மனைவிக்கும் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் அவர் தேநீர்க் கடையொன்றில் எம்மை இருத்தி, மருமகன் வேறொரு பற்றரியுடன் வந்து சேரும்வரை உடன் இருந்தார்.

இரண்டு நாட்களின் பின்னர், தெமட்டகொடையில் ஓர் ஒழுங்கைக்குள் சிறு கொட்டில் வைத்திருக்கும் வயரிங் வேலைக்காரர் ஒருவரிடம் நண்பர் ஒருவர் என்னை அனுப்பினார். எழுபது வயதை அண்மித்தவர். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் தொழில் பழகியவர். அவர் பொனற்றைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, கடைசியா இதிலை என்ன வேலை செய்தனீங்கள்?"

இம்முறை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் கைவிட்டு, 2.2 வாற் குமிழ் ஒன்றை எடுத்து, நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் பொருத்தினார். திறப்பைத் திருப்பச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினைத் தொடக்கச் சொன்னார். விளக்கு அணைந்தது. மல்ரிமீற்றரைப் பற்றரியில் வைத்துக் காட்டினார்: 14.2 வோல்ற். "ஒல்ரனேற்றர் நல்லாத்தான் இருக்கு ஐயா. இந்த பல்ப்பு வெளிச்சம் காட்டுறதுக்கு மட்டும் இல்லை. இதுக்குள்ளாலைதான் அதுக்கு முதல் கரண்ட் போறது" என்றார். பத்து நிமிட வேலை. வாங்கிய கூலியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அவர் சொன்ன ஒரு வசனத்தின் பொருளைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. சைக்கிள் டைனமோவுக்குள் நிலையான ஒரு காந்தம் இருக்கிறது. சக்கரம் சுழன்றால் போதும், மின்சாரம் பிறக்கும். காரின் ஒல்ரனேற்றரையும் நம்மவர்கள் இன்றும் டைனமோ என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால், அதற்குள் அத்தகைய காந்தம் இல்லை. உள்ளே சுழல்வது ஒரு கம்பிச் சுருள். அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் அது காந்தமாகும். காந்தமானால்தான் மின்சாரம் பிறக்கும். அப்படியானால் முதல் மின்சாரத்தை யார் கொடுப்பது? பற்றரிதான். எனது கார் போன்ற பழைய வாகனங்கள் பலவற்றில், அந்த முதல் மின்சாரம் பற்றரியிலிருந்து திறப்பாளியின் ஊடாக, எச்சரிக்கை விளக்கின் இழை வழியாக, அந்தச் சுருளுக்குச் செல்கிறது. விளக்கு எரிவது அதனால்தான். ஒல்ரனேற்றர் உற்பத்தியைத் தொடங்கியதும் தனது சுருளுக்கு வேண்டியதைத் தானே வழங்கிக்கொள்கிறது. அப்போது விளக்கின் இரு பக்கத்திலும் மின்னழுத்தம் சமமாகிவிடுவதால் விளக்கு அணைகிறது.

2.2 வாற் குமிழின் ஊடாகச் செல்லக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 0.18 அம்பியர். நான் போட்ட எல்.ஈ.டி. ஊடாகச் செல்வது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கண்ணுக்கு அது பிரகாசமாகத் தெரியும். சுருளுக்கோ அது போதாது. எஞ்சினை முழங்கச் செய்தபோது, சுருளின் இரும்பில் எஞ்சியிருந்த சிறிதளவு காந்தத்தினால் உற்பத்தி சில வேளை தொடங்கியது. குமிழை முற்றாகக் கழற்றிய பின்னர் அந்த எஞ்சிய காந்தம் ஒன்றே கதி. வீதி வெறுமையாக இருந்த நாட்களில் வேகமாக ஓடியபோது எப்படியோ மின்னேறியது. நெரிசலில் ஊர்ந்த அந்த நாளில் ஏறவில்லை. ஏறவில்லை என்று சொல்வதற்கு விளக்கும் இல்லை. முன்விளக்குகளும் துடைப்பானும் எரிபற்றலும் சேர்ந்து மணிக்கு மணி பற்றரியைக் குடித்துத் தீர்த்தன.

யாழ்ப்பாணத்துச் சைக்கிள் டைனமோ எனக்குத் தந்த அறிவு தவறானதன்று. அது வேறொரு பொருளைப் பற்றிய அறிவு. ஒன்றில் பெற்ற தேர்ச்சியை மற்றொன்றில் கேள்வியின்றிப் பாவிப்பது, ஒன்றும் தெரியாதவன் செய்யும் பிழையைக் காட்டிலும் பெரிய பிழையாகிவிடும். தெரியாதவன் கேட்பான், அரைகுறையாகத் தெரிந்தவன் கேட்க மாட்டான்.

இதனை வாசிக்கும் பலர் இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ, பாரிசிலோ, சிட்னியிலோ வாழ்பவர்கள். அங்கெல்லாம் கராஜில் ஒரு மணித்தியாலக் கூலி எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஆதலால், வார இறுதியில் சொந்தக் கையால் வானொலி பூட்டுவதும், பின்புறக் கமரா பொருத்துவதும், ஆசனத்துக்கு அடியால் வயர் இழுப்பதும் வழக்கமாகிவிட்டன. அதனைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சொந்தக் கையால் வேலை செய்வது நல்ல பழக்கம். எனது அனுபவமும், அந்த வயரிங் வேலைக்காரரிடம் பின்னர் பல தடவை சென்று கேட்டறிந்தவையும் சேர்த்துச் சில விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

வேலை செய்தபின் ஒரு விளக்கு எரிந்தால், நீங்கள் கடைசியாகத் தொட்ட இடத்தையே முதலில் சந்தேகியுங்கள். நேற்று வரை நன்றாயிருந்த ஒரு பாகம், நீங்கள் வேலை செய்த அதே நாளில் தற்செயலாகப் பழுதாவது அரிது. கழன்ற இணைப்பு, சரியாகப் பற்றாத மண் கம்பி, எரிந்துபோன பியூஸ், தவறான குமிழ் என்பவற்றைப் பார்த்த பின்னரே விலையுயர்ந்த பாகத்துக்குப் போக வேண்டும். ஒரே நாளில் ஆறு மாற்றங்களைச் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, ஓடிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும், பாதித் தலைவலி குறையும். பியூஸ் மீண்டும் மீண்டும் எரிந்தால் கூடிய அம்பியர் பியூசைப் போடுவது தீர்வன்று; பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

பற்றரி விளக்குப் பற்றிச் சந்தேகம் வந்தால், சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும். எஞ்சின் ஓடாமல் இளைப்பாறிய நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ற்றை அண்டியே நின்றால் மின்னேற்றம் நடைபெறவில்லை. புதிய வாகனங்களில் மின்னேற்றத்தைக் கணினி கட்டுப்படுத்துவதால் இந்த எண்கள் சற்று ஏறி இறங்கலாம். எனினும் அடிப்படை இதுவே.

காற்றுப்பை விளக்கு வேறு விதமானது. அதில் பரிசோதனை முயற்சிகளுக்கு இடமில்லை. பெரும்பாலான வாகனங்களில் காற்றுப்பையின் வயர்களும் இணைப்பிகளும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் கையை எடுங்கள். அதற்குள் இருப்பது வெடித்து விரியும் ஒரு பொருள். மீற்றரை வைத்துப் பார்க்கும் சிறு மின்சாரமும் அதனைத் தூண்டிவிடக்கூடும். ஆசனத்தைக் கழற்ற வேண்டியிருந்தால், பற்றரியின் தொடர்பை நீக்கி, வாகனத்தின் கைநூலில் சொல்லப்பட்ட நேரம்வரை காத்திருந்தே தொடங்க வேண்டும். ஆசனத்துக்கு அடியிலுள்ள இணைப்பி கழன்றிருக்கையில் யாராவது திறப்பைத் திருப்பிவிட்டால், கணினி அதனைக் குறையாகப் பதிந்துகொள்ளும். பின்னர் இணைப்பியை ஒழுங்காகப் பூட்டினாலும் பல வாகனங்களில் விளக்கு தானாக அணையாது. உரிய கருவியால் வாசித்து அழிக்க வேண்டும். அந்த விளக்கு எரியும்போது, விபத்து நேர்ந்தால் காற்றுப்பை விரியாமலே போகக்கூடும்.

இங்கேதான் மிகவும் அருவருப்பான ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்தில் வெடித்த காற்றுப்பையை மாற்றாமல், அதன் விளக்கின் வயரை வேறொரு விளக்கின் வயரோடு இணைத்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். திறப்பைத் திருப்பினால் விளக்கு எரியும். எஞ்சின் ஓடினால் அணையும். வாங்குபவர் எல்லாம் சரி என்று நம்பித் தமது பிள்ளையை முன் ஆசனத்தில் ஏற்றிச் செல்வார். நான் அறியாமையால் செய்ததை இவர்கள் அறிந்தே செய்கிறார்கள். பழைய வாகனம் வாங்குபவர்கள், காற்றுப்பை விளக்கு தனக்குரிய நேரத்தில் அணைகிறதா அல்லது வேறொரு விளக்கோடு ஒரே கணத்தில் அணைகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

விளக்கு எதனை அளக்கிறது என்று கேட்பதும் அவசியம். எண்ணெய் விளக்கு எண்ணெயின் அளவைச் சொல்வதில்லை. அதன் அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரிந்தபின் எண்ணெய்க் கடையைத் தேடி ஓடுவதில் பயனில்லை. உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். 1979 மார்ச் 28ஆம் திகதி அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்துக்கும் இத்தகைய குழப்பமே ஒரு காரணமாயிற்று. திறந்தபடி சிக்கிக்கொண்ட ஒரு வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் நம்பினர். விளக்கு காட்டியதோ, மூடும்படி கட்டளை அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே.

குமிழ் ஒன்று பழுதானாலும் உயிர்கள் போகும். 1972 டிசம்பர் 29ஆம் திகதி ஈஸ்ரேண் விமான சேவையின் 401ஆம் இலக்க விமானம் மியாமியில் இறங்க முயன்றபோது, முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. குமிழ் எரிந்துபோயிருந்தது, சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. விமானியறையில் இருந்தவர்கள் அந்தக் குமிழிலேயே மூழ்கியிருக்க, தானியங்கிக் கருவியின் உயரக் கட்டுப்பாடு விடுபட்டதையும் விமானம் மெல்லக் கீழிறங்குவதையும் எவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் வீழ்ந்து 101 பேர் மாண்டனர். விளக்கை அலட்சியம் செய்வது ஒரு பிழை என்றால், விளக்கையே பார்த்துக்கொண்டு வீதியை மறப்பது இன்னொரு பிழை. காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஆராய வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

எனது தொழில் காரணமாக, வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. மருமகன் சொன்ன தீர்வு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1998 யூனில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டபோது நாம் செய்தியறையில் இருந்தோம். செய்தி வெளிவராவிட்டால் சண்டை நின்றுவிடும் என்பதுபோல் அன்று அதிகாரிகள் நடந்துகொண்டனர். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியப் புலனாய்வுத் தரப்பிடமிருந்து எச்சரிக்கை கிடைத்தும், ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் விருந்தகங்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்னாள் ஜனாதிபதியும் அதிகாரிகளும் கடமை தவறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்து, நட்டஈடு செலுத்தப் பணித்தது. 2020இல் கடன் தரமதிப்பீடு குறைக்கப்பட்டபோது, குறைத்தவர்களையே அன்றைய ஆட்சியாளர் குறைகூறினர். 2022 ஏப்ரலில் நாடு கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. விளக்குகள் எரிந்தன. அவற்றைப் பார்க்க வேண்டியவர்கள் குமிழைக் கழற்றுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் கண்டித்து நான் எழுதிய தலையங்கங்கள் பல. அதே வேலையை எனது சொந்தக் காரில் நானே செய்தேன் என்பதை எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆதலால், வெறும் புத்திமதியோடு முடிக்காமல் ஒரு கோரிக்கையையும் முன்வைக்கிறேன். இலங்கையில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அந்த நிலையத்தில் எனது காரின் புகையை அளந்தார்கள், தேறியது. டாஷ் போர்டை எவரும் பார்க்கவில்லை. பிரித்தானியாவின் எம்.ஓ.ரி. பரிசோதனையில் காற்றுப்பை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வாகனம் தேறாது. ஜப்பானிலும் 2017ஆம் ஆண்டு முதல், முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் எரியும் வாகனங்களைப் பரிசோதனைக்கு ஏற்பதில்லை. நமது வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கே பரிசோதனைக்கும் ஏற்கப்படாத நிலையில் இங்கே ஒரு வாகனம் எத்தனை ஆண்டும் ஓடலாம். புகை அளக்கும் அதே இடத்தில், திறப்பைத் திருப்பி விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா, எஞ்சின் ஓடியதும் அணைகின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். புதிய கட்டடமோ, வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அதுவரை அந்த ஒரு நிமிடம் எமது பொறுப்பே. எரியும் விளக்கைத்தான் எல்லோரும் அஞ்சுகிறோம். திறப்பைத் திருப்பியதும் எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருந்தால், அதனையே அதிகம் அஞ்ச வேண்டும். எரியும் விளக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டாவது இருக்கிறது.

இப்போதெல்லாம் காரில் ஏறியதும் நான் உடனே எஞ்சினைத் தொடக்குவதில்லை. திறப்பைப் பாதி திருப்பிவிட்டுக் காத்திருப்பேன். பக்கத்து ஆசனத்தில் பட்டியை இழுத்துப் பூட்டியபடி மனைவி கேட்பார்: "சிவப்பு எரியுதோ?" எரிகிறது என்று சொன்ன பிறகுதான் புறப்படுவோம்.